‘புத்திசாலி’ இசை என்று ஒன்று இல்லை

ஒரு இசைக்குப் ‘புத்திசாலி இசை’ என்று பெயர் வைத்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கிற இசைக்கு என்ன பெயர் வைப்பது? மடையர் இசை என்றா?

1990களின் நடுப்பகுதியில் பிரித்தானிய இசைப் பத்திரிகைகளும் இசைத்தட்டுக் கடைகளும் இந்த வேலையைத்தான் செய்தன. அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஒரு சத்தத்துக்கு ‘இன்ரெலிஜென்ட் ட்ரம் அன்ட் பேஸ்’ என்று பெயர் சூட்டின. அதே சத்தத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘அட்மொஸ்ஃபியரிக் ட்ரம் அன்ட் பேஸ்’. இதை ‘வளிமண்டல ட்ரம் அன்ட் பேஸ்’ என்று மொழிபெயர்த்தால் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும் எண்டபடியால் அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டாவது பெயர் அந்த இசை எப்படிக் கேட்கும் என்று சொல்கிறது. முதலாவது பெயரோ அதைக் கேட்கிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் இந்த இசையை விரும்பிக் கேட்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதவேண்டி இருக்கிறது. இதைப் பற்றி இரண்டு கதைகள் உலாவுகின்றன. முதலாவது கதை இப்படி: ஜங்கிள் என்ற முரட்டு இசையில் இருந்து கொஞ்சம் ரசனை உள்ள ஆட்கள் பிரிந்து வந்தார்கள், பியானோவும் ஜாஸும் சேர்த்து அதை உயர்த்திவிட்டார்கள். இரண்டாவது கதை இப்படி: தெருவில் பிறந்த ஜங்கிளை, வசதியான ஆக்களின்ர கோப்பிக்கடைக்கு ஏற்ற மாதிரி இவர்கள் மழுக்கிவிட்டார்கள். முதல் கதை புகழ்கிறது, மற்றது திட்டுகிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. மென்மை வசதியானவர்களின் சொத்து, ஆர்ப்பாட்டம் ஏழைகளின் சொத்து என்பதுதான் அது. இந்த நம்பிக்கை பிழை என்பது எங்கட கருத்து. இந்த இசையைச் செய்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தாலே அது விளங்கும். 

முதலில், சத்தம்

கேட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ட்ரம் அன்ட் பேஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 முதல் 175 அடி வேகத்தில் ஓடுகிற இசை. ட்ரம்ஸ் அந்த வேகத்தில் பறக்கும். கீழே பேஸ் அதில் பாதி வேகத்தில் நடக்கும். அட்மொஸ்ஃபியரிக் வகையில் இதற்கு மேலே சிந்தசைசரின் நீளமான சுரங்கள், பியானோ, எங்கோ தூரத்தில் இருந்து வருகிற பெண் குரல், சில வேளை மழை, கடல், பறவை. ஆக, காதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேகங்கள் கிடைக்கின்றன. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் பாட்டை ஆறுதலாக இழுத்துக்கொண்டு போக, தவில் அதற்குள்ளேயே பல மடங்கு வேகத்தில் ஓடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உணர்வு அவ்வளவு புதிதில்லை. எந்த வேகத்தோடு சேர்ந்து உடம்பை அசைப்பது என்பதைக் கேட்கிறவரே முடிவு செய்யலாம்.

அந்த ட்ரம்ஸ் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் பழைய அமெரிக்க ஃபங்க், சோல் இசைத்தட்டுகளில் இருந்து. அவற்றில் மிகப் பிரபலமானது ‘அமென் பிரேக்’. 1969இல் த வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ‘அமென், பிரதர்’ என்ற பாட்டின் நடுவில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிற்க, ட்ரம்ஸ் மட்டும் நான்கு சுற்று வாசிக்கப்படுகிறது. மொத்தமே ஏழு செக்கன் அளவுதான். லண்டன் பெடியள் இந்த ஏழு செக்கனை சாம்ப்ளரில் பதிந்து, ஒவ்வொரு அடியாக வெட்டி, வேகத்தைக் கூட்டி, இடம் மாற்றி அடுக்கினார்கள். மனிதக் கையால் வாசிக்க முடியாத, ஆனால் மனிதக் கையின் வாசனை போகாத ஒரு தாளம் வந்தது.

கருவிகளும் பெரிய ஸ்ரூடியோவில் இருந்தவை இல்லை. அகாய் சாம்ப்ளர் ஒன்று, அட்டாரி கணினி ஒன்று, படுக்கையறை ஒன்று. அன்றைய சாம்ப்ளரின் நினைவகத்தில் கொஞ்சச் செக்கன் ஒலிதான் நிற்கும். அதனால் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று கஞ்சத்தனமாக யோசிக்கவேண்டி இருந்தது. இன்று நாங்கள் ‘விசாலம்’ என்று கேட்கிற இசை, மிகச் சிறிய இடத்துக்குள் செய்யப்பட்டது.

செய்தவர்கள்

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரேவ் கொண்டாட்டங்களும் ஹார்ட்கோர் இசையும் உச்சத்தில் இருந்தன. கரீபியத் தீவுகளில் இருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், அவர்களோடு ஒரே மாடித்தொடரில், ஒரே பள்ளியில் வளர்ந்த வெள்ளைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்கள் ஜமெய்க்காவின் சவுண்ட் சிஸ்ரத்துப் பேஸையும், ஹிப்-ஹொப்பின் பிரேக்கையும், ரேவின் வேகத்தையும் ஒன்றாகப் போட்டதில் ஜங்கிள் பிறந்தது. அனுமதி இல்லாத வானொலிகள் மாடித்தொடர்களின் கூரையில் அன்ரெனா கட்டி இதை ஒலிபரப்பின. அட்மொஸ்ஃபியரிக் ட்ரம் அன்ட் பேஸின் முன்னோடிகள் எல்லாரும் இதே இடத்தில் நின்றவர்கள். வேறு எங்கோ இருந்து வந்து இதைத் திருத்தியவர்கள் யாரும் இல்லை.

முதலில் சொல்லவேண்டியவர் எல்.ரி.ஜே. புகெம். சொந்தப் பெயர் டனி வில்லியம்சன், லண்டனுக்கு வெளியே உள்ள வொற்ஃபோர்ட்டில் வளர்ந்தவர். ‘புகெம்’ என்பது பழைய அமெரிக்கப் பொலிஸ் தொலைக்காட்சித் தொடரொன்றில் அடிக்கடி வருகிற வசனத்தில் இருந்து எடுத்தது. சின்ன வயதில் பியானோ படித்தார், பிறகு ஜாஸ் ஃபியூஷனில் விழுந்தார், பிறகு ரேவ்களில் டிஜே ஆனார். 1991இல் குட் லுக்கிங் றெக்கோர்ட்ஸ் என்ற சொந்த வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1993இல் வந்த அவருடைய ‘மியூசிக்’, ‘அட்லாண்டிஸ்’ இரண்டும் இந்த வகைக்கு வரைபடம் போட்டவை. அந்த ஆண்டு ஹார்ட்கோர் உலகம் இருட்டான, பயமுறுத்துகிற ஒலிகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. புகெம் அதே வேகத்தில், அதே வெட்டிய ட்ரம்ஸை வைத்துக்கொண்டு சன்னலைத் திறந்துவிட்டார்.

1995இல் வந்த ‘ஹொறைசன்ஸ்’ பாட்டில் மாயா ஏஞ்சலோவின் குரல் வருகிறது. 1993 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்ரனின் பதவியேற்பில் வாசித்த கவிதையின் துண்டு அது. கறுப்பினக் கவிஞர் ஒருவர் அரச மேடையில் வாசித்த கவிதை, இரண்டு வருடத்தில் ஒரு லண்டன் நடனத்தளத்தின் நடுவில் ஒலிக்கிறது. இலக்கியம் படிக்கிற எங்களுக்கு இது ஒரு சின்ன விசயம் இல்லை. கவிதை எங்கே எல்லாம் போகலாம் என்று எந்த விரிவுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மேடையில் புகெமுக்குப் பக்கத்தில் நின்றவர் எம்.சி. கொன்ராட். 2024இல் தன் 52ஆவது வயதில் காலமானார். மைக்கைப் பிடித்துக் கூட்டத்தோடு கதைத்துக்கொண்டு, தாளத்தின் மேல் சொற்களை வைத்துக்கொண்டு போகிற எம்.சி. என்ற பாத்திரமே ஜமெய்க்கா சவுண்ட் சிஸ்ரத்தின் வாரிசு. மிக மென்மையான பாட்டு ஓடும்போதும் அந்த வாரிசு மேடையில் இருந்தார். ‘முரட்டு’ ஜங்கிளில் இருந்து பிரிந்துபோனது என்று சொல்லப்படுகிற இசை, அந்த மரபின் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உலகம் சுற்றியது.

அடுத்து, வடமேற்கு லண்டனின் டொலிஸ் ஹில் பகுதியில் இருந்து வந்த ஃபோர் ஹீரோ. மார்க் மாக், டீகோ என்ற இருவர். நண்பர்களோடு சேர்ந்து ரீஇன்ஃபோர்ஸ்ட் என்ற நிறுவனத்தை நடத்தினார்கள். ஹார்ட்கோரின் மிக இருட்டான பாட்டுகளும், ‘பரலல் யூனிவேர்ஸ்’ என்ற விண்வெளியில் மிதக்கிற மாதிரியான அல்பமும் இவர்களின் கையால் வந்தவைதான். 1998இல் இவர்களின் ‘ரூ பேஜஸ்’ மேர்க்குரி விருதுக்குத் தெரிவானது. ஒரே ஆட்கள் ஒரு வருடம் இருட்டும் இன்னொரு வருடம் வெளிச்சமும் செய்கிறார்கள் என்றால், ‘முரடர்’, ‘புத்திசாலி’ என்று ஆட்களைப் பிரிப்பது எப்படி?

ஒம்னி ட்ரியோ என்ற பெயரைக் கேட்டால் மூன்று பேர் என்று நினைப்பீர்கள். ஒரே ஒருவர்தான்: ரொப் ஹெய்க். அதற்கு முன்பே பரிசோதனை இசையில் இருந்தவர். மூவிங் ஷடோ நிறுவனத்துக்காக 1993இல் செய்த ‘ரெனிகேட் ஸ்நேர்ஸ்’ பாட்டில் பியானோவும் ட்ரம்ஸும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பிற்காலத்தில் இவர் தனிப் பியானோ இசைக்கே திரும்பிப் போய்விட்டார்.

பிறகு கோல்டி. ஜமெய்க்கத் தந்தை, ஸ்கொட்லாந்துத் தாய். குழந்தைப் பருவம் அநேகமாக வளர்ப்பு வீடுகளிலும் விடுதிகளிலும் போனது. சுவரில் கிராஃபிற்றி வரைந்து பெயர் எடுத்தவர். 1994இல் ‘இன்னர் சிற்றி லைஃப்’, 1995இல் ‘ரைம்லெஸ்’ அல்பம். அல்பத்தின் தலைப்புப் பாட்டு 21 நிமிடம் நீளம், மூன்று பகுதி. டயான் சார்ல்மேன் என்ற மன்செஸ்ரர் பாடகியின் குரல் அந்த வேகத்துக்கு மேலே அவசரமே இல்லாமல் எழும்பி நிற்கிறது. பாட்டின் விசயம் நகரத்து வாழ்க்கையின் அழுத்தம். வசதியான வீட்டு வரவேற்பறையில் இருந்து வந்த மென்மை இல்லை இது. ஒரு மனிதன் தாங்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு மூச்சுவிட இடம் தேடுகிற மென்மை.

அந்தக் கோல்டியை இந்த இசைக்குள் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பெண்கள்: கெமிஸ்ட்ரி, ஸ்ரோம். ஃபேபியோவும் க்ரூவ்றைடரும் வாசித்த ‘ரேஜ்’ என்ற லண்டன் கிளப் இரவுக்கு அவரை அழைத்துப் போனவர்கள் இவர்கள். 1994இல் மெற்றல்ஹெட்ஸ் நிறுவனத்தை மூவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். இருவரும் சிறந்த டிஜேக்கள். கெமிஸ்ட்ரி 1999 ஏப்ரலில் ஒரு வீதி விபத்தில் இறந்தார். இன்றும் ‘மெற்றல்ஹெட்ஸைத் தொடங்கியவர் கோல்டி’ என்று ஒற்றைப் பெயரோடு முடிக்கிற கட்டுரைகளைப் பார்க்கிறோம்.

சொல் செய்த வேலை

1994ஐ நினைவில் வையுங்கோ. அந்த ஆண்டு ஜங்கிள் பிரித்தானியாவின் பொதுச் சந்தைக்குள் நுழைந்தது. எம்-பீற்றும் ஜெனரல் லீவியும் செய்த ‘இன்கிரெடிபிள்’ விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது. அதே ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் குற்றவியல் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. திறந்தவெளி ரேவ்களைக் கலைக்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்த அந்தச் சட்டம், எந்த மாதிரி இசை என்பதையும் வரையறுத்தது. திரும்பத் திரும்ப வருகிற தாள அடிகளை முதன்மையாகக் கொண்ட இசை என்று. ஒரு அரசாங்கம் தாளத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதிய சந்தர்ப்பம் அது.

ஜங்கிள் என்றால் போதை, அடிதடி என்ற பேச்சும் அப்போது ஓடியது. அந்தப் பேச்சு உண்மையில் யாரைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும்: கறுப்பின இளைஞர்கள் கூடுகிற இடங்களைப் பற்றியது. இந்தச் சூழலில்தான் ‘புத்திசாலி’ என்ற சொல் வருகிறது. பத்திரிகைக்காரருக்கு அது வசதி. ‘பயப்படாதையுங்கோ, இது மற்ற ஜங்கிள் இல்லை, இது வீட்டிலும் கேட்கலாம்’ என்று வாசகருக்குச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல் புகெமையும் மற்றவர்களையும் தூக்கிவிட்டது உண்மை. தூக்கிவிட்ட விலையை மற்றப் பக்கம் நின்றவர்கள் கொடுத்தார்கள். ரகா குரலை வெட்டிப் போட்டுக் கூட்டத்தைக் குதிக்க வைத்தவர்களின் மூளை கணக்கில் வரவில்லை. ஏழு செக்கன் ட்ரம்ஸை நூறு துண்டாக வெட்டி அடுக்க எவ்வளவு மூளை வேண்டும் என்று கேட்கவும் ஆள் இல்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்தச் சொல்லின் வேலை நல்லாத் தெரியும். ‘ஆர்ட்ஸா?’ என்று கேட்டுவிட்டு ஒரு செக்கன் மௌனம் வருமே, அதற்குள் இந்தச் சொல் இருக்கிறது. யாரும் எங்களை மடையர் என்று வாய்திறந்து சொல்வதில்லை. மற்றப் பீடத்தைக் ‘கெட்டிக்காரப் பிள்ளைகள்’ என்று சொன்னால் போதும், மீதி தானாக விளங்கும். பாட்டிலும் இதைத்தான் செய்கிறோம். மெலடி கேட்டால் ரசனை, குத்துக்கு ஆடினால் ஒரு மாதிரி. இந்த வரிசையில் எப்போதும் மேலே இருப்பது அசையாமல் இருந்து கேட்கக்கூடியது. கீழே இருப்பது உடம்பை அசைப்பது. உடம்பு அசைந்தால் மூளை நின்றுவிடும் எண்டு யார் சொன்னது?

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். சைமன் ரெனோல்ட்ஸ் என்ற பிரித்தானிய விமர்சகர் அந்தக் காலத்திலேயே ‘புத்திசாலி’ என்ற அடைமொழியைக் கடுமையாகச் சாடினார். 1998இல் வந்த ‘எனர்ஜி ஃப்ளாஷ்’ என்ற அவருடைய புத்தகம் இந்த இசையின் வரலாற்றுக்கு இன்றும் முக்கியமானது. ஜாஸையும் ‘இசைத்தன்மை’யையும் சேர்த்தால்தான் ஜங்கிள் மதிப்புப் பெறும் என்ற எண்ணத்தை அவர் எதிர்த்தது சரி. ஜங்கிளின் புதுமை அதன் தாளத்திலேயே இருந்தது. அதற்கு வெளியில் இருந்து மரியாதை இரவல் வாங்கத் தேவை இருக்கவில்லை. 1990களின் கடைசியில் வந்த அட்மொஸ்ஃபியரிக் பாட்டுகளில் கன பாட்டுகள் ஒரே அச்சில் வார்த்தவை என்பதும் உண்மை. அதே பாட், அதே டொல்ஃபின் சத்தம், ட்ரம்ஸ் மட்டும் வரவர ஒழுங்காகி, வெட்டுக்கொத்து இல்லாமல் போனது. அவற்றை நாங்களும் காப்பாற்ற வரவில்லை.

ஆனால் சொல் பிழை என்பதற்காக இசையைப் பிழை என்று சொல்ல முடியாது. மென்மையை நடுத்தர வர்க்கத்தின் பலவீனம் என்று பார்த்தால், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அமைதி தேவைப்படாது என்று ஆகிவிடும். கோல்டிக்கு வானத்தைப் பற்றி யோசிக்க உரிமை இல்லை, அவர் எப்போதும் தெருவைப் பற்றியே கத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆகிவிடும். ‘உன்னிடம் நாங்கள் எதிர்பார்ப்பது கோபம் மட்டும்தான்’ என்று ஒரு சமூகத்திடம் சொல்வதும் அவமதிப்பின் இன்னொரு வடிவம்தான்.

பெயரும் காசும்

முன்னோடிகள் என்று பேசும்போது இன்னும் பின்னால் போகவேண்டும். அந்த ஏழு செக்கனை வாசித்த கைகள் கிரெகரி கோல்மன் என்ற கறுப்பின ட்ரம் கலைஞருடையவை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவருடைய வாசிப்பு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்காக அவருக்கு ஒரு சதமும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில், வீடற்ற நிலையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் உரிமைப் பணம் கிடைக்கவில்லை. 2015இல் பிரித்தானிய டிஜேக்கள் இருவர் இணையத்தில் நிதி சேர்த்து ஏறக்குறைய 24,000 பவுண்ஸ் அவருக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அப்போது கோல்மன் இறந்து ஒன்பது வருடம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? சாம்பிள் எடுத்த லண்டன் பெடியளைத் திருடர் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர்களும் பெரிய பணக்காரராக இல்லை, அவர்களின் கையில் அந்தத் துண்டு வேறொன்றாக மாறியது. ஆனால் பழைய சோல் தட்டுகளில் இருந்து எடுத்த பெண் குரல்களுக்கும், ட்ரம்ஸ் துண்டுகளுக்கும் பின்னால் பெயருள்ள மனிதர்கள் இருந்தார்கள். ‘அட்மொஸ்ஃபியர்’ என்று நாங்கள் ரசிக்கிற மூட்டத்துக்குள் அந்தப் பெயர்கள் மறைந்து போயின. ஒரு இசையைப் புத்திசாலித்தனம் என்று புகழ்கிறபோது, அந்தப் புத்தி யாருடையது என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லவேண்டும். அதில் கோல்மனும் இருக்கிறார்.

இன்றைக்கு எங்கே இருக்கிறது

செல்வாக்கைத் தேடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1994இல் ஃபேபியோவும் புகெமும் லண்டனில் ‘ஸ்பீட்’ என்ற இரவை நடத்தினார்கள். 1996இல் புகெமின் ‘லொஜிக்கல் ப்ரோகிரஷன்’ தொகுப்பு இந்த இசையை லண்டனுக்கு வெளியே கொண்டுபோனது. அதே ஆண்டு ‘எவ்ரிதிங் பட் த கேர்ள்’ என்ற பொப் இணை ‘வோக்கிங் வூன்டெட்’ அல்பத்தில் இந்தத் தாளத்தின் மேல் காதல் தோல்வியைப் பாடினார்கள். 1997இல் ரோனி சைஸின் ரெப்பிரசென்ட் குழு மேர்க்குரி விருதை வென்றது. அந்தப் போட்டியில் தோற்றவற்றில் ரேடியோஹெட்டின் ‘ஓகே கொம்பியூட்டர்’ ஒன்று. 2000ஆம் ஆண்டளவில் ஃபேபியோ ‘லிக்விட் ஃபங்க்’ என்று புதுப் பெயர் கொடுத்து முன்னுக்குக் கொண்டுவந்த வகையும் இதன் பிள்ளைதான்.

தெற்காசியாவுக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. பிரித்தானிய இசையில் எங்கட ஆட்கள் எண்டால் எல்லாருக்கும் மாயா ஞாபகம் வரும். ஆனால் அவருடைய முதல் அல்பம் வந்தது 2005இல். அதற்குப் பத்து வருடம் முன்பே லண்டன் ஹொக்ஸ்ரனில் இருந்த புளூ நோட் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மெற்றல்ஹெட்ஸ் இரவும், திங்கட்கிழமை தப்லா கலைஞர் தல்வின் சிங் நடத்திய ‘அனோக்கா’ இரவும் நடந்தன. ஒரே கட்டடம், அடுத்தடுத்த நாள். தப்லாவும் பிரேக்கும் கலந்த அந்த இசை 1997இல் தொகுப்பாக வந்தது. 1999இல் தல்வின் சிங்கின் ‘ஓகே’ மேர்க்குரி விருதை வென்றது.

பிறகு ஜப்பான். 1990களின் கடைசியில் ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளின் இசையமைப்பாளர்கள் இந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். 1998இல் ஜுன் சிகுமா இசையமைத்த ‘பொம்பர்மன் ஹீரோ’, 1999இல் சொயிச்சி தெராடா இசையமைத்த ‘ஏப் எஸ்கேப்’ இரண்டும் நல்ல உதாரணம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் கிளப் என்றால் என்னவென்று தெரியாத வயதில், குரங்கு பிடிக்கிற விளையாட்டில் ஜங்கிள் கேட்டார்கள். இன்று யூரியூபில் பழைய பிளேஸ்டேசன் படத்தை முகப்பில் வைத்து ‘படிக்க ஏற்ற இசை’ என்று ஓடுகிற இரண்டு மணித்தியாலத் தொகுப்புகள் அந்த நினைவில் இருந்து வந்தவை.

இந்தத் தொகுப்புகளைப் பற்றி எங்களுக்கு இரண்டு மனம். இவை இல்லாவிட்டால் இங்கே இருக்கிற எங்களில் அநேகம் பேருக்கு இந்த இசை கிடைத்திருக்காது. ஆனால் பெரும்பாலும் அவற்றில் பாட்டின் பெயரும் இல்லை, செய்தவரின் பெயரும் இல்லை. ஒரு காலத்தில் ‘புத்திசாலி’ என்று பிரித்து எடுக்கப்பட்டது, இப்போது ‘பின்னணி’ என்று ஓரமாக வைக்கப்படுகிறது. இரண்டிலும் இதை ஆடுவதற்காகச் செய்தார்கள் என்ற விசயம் காணாமல் போகிறது.

அதைத் திரும்ப நினைவூட்டுகிறவர்கள் எங்கட வயதுப் பெண்கள் என்பது எங்களுக்குச் சந்தோசம். பிங்க்பாந்தரெஸ் 2021இல் வெளியிட்ட ‘பிரேக் இற் ஒஃப்’ பாட்டுக்கு அடியில் ஓடுவது 1995இல் ஆடம் எஃப் செய்த ‘சேர்க்கிள்ஸ்’. நாங்கள் ரிக்ரொக்கில் கேட்டது அதைத்தான். ஜமெய்க்க வேர் கொண்ட நியா ஆர்க்கைவ்ஸ் தானே பாடி, தானே ஜங்கிள் தாளம் வெட்டி, தானே டிஜேயாக நிற்கிறார். கறுப்பின இசைக்கான மோபோ விருதுகளில் எலெக்ட்ரோனிக், நடன இசைக்கு ஒரு பிரிவு வேண்டும் என்று கடிதம் எழுதினார். 2022இல் அந்தப் பிரிவு வந்தபோது விருது அவருக்கே கிடைத்தது. அவருடைய 2024ஆம் ஆண்டு அல்பம் ‘சைலன்ஸ் இஸ் லவுட்’ மேர்க்குரி பட்டியலில் இடம்பிடித்தது. அதில் தனிமை பற்றிய மெல்லிய பாட்டும் இருக்கிறது, தலை சுற்றுகிற பிரேக்கும் இருக்கிறது. இது எந்தப் பக்கம், புத்திசாலிப் பக்கமா, முரட்டுப் பக்கமா என்று அவரிடம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகாவது அந்தக் கேள்வி பழசாகிவிட்டது என்றால் நல்லது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு எங்கட பரிந்துரை இதுதான். புகெமின் ‘மியூசிக்’, ஒம்னி ட்ரியோவின் ‘ரெனிகேட் ஸ்நேர்ஸ்’, கோல்டியின் 21 நிமிட ‘ரைம்லெஸ்’. இந்த மூன்றையும் பேஸ் கேட்கக்கூடிய ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேளுங்கோ. போன் ஸ்பீக்கரில் பாதிப் பாட்டு விழாது. கையோடு எம்-பீற்றின் ‘இன்கிரெடிபிளை’யும் போட்டுப் பாருங்கோ. இரண்டு வகையையும் ஒரே மாலையில் கேட்டால், இவை ஒரே குடும்பம் என்பது பத்து நிமிடத்தில் பிடிபடும். பிடித்துப்போய் யாருக்காவது லிங்க் அனுப்பினால், செய்தவரின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கோ.